அட்டையும் உண்ணியும் நம் சங்கமும்

கூட்டுறவு ஏட்டில் அட்டைக்கும் உண்ணிக்கும் என்ன வேலை என்று உறுப்பினர் பெருமக்கள் சிலர் வினவக்கூடும். நூல் விலை, கடன் தவணை, பேரவைத் தீர்மானம், பங்கு ஈவு ஆகியவற்றைப் பற்றி எழுதுவதை விடுத்து, காலில் ஏறும் சிற்றுயிர்களைப் பற்றி எழுதுவானேன் என்றும் கேட்கக்கூடும். வினா நியாயமானதே. அதற்கு விடை நம் கணக்கேடுகளிலேயே இருக்கிறது என்பது நம் கருத்து.

சங்கங்களுக்கு ஆய்வுக்குச் செல்லும்போது தவணை கடந்த பாக்கிப் பட்டியலை முதலிற் கேட்டு வாங்குவது நம் வழக்கம். ஒவ்வொரு பெயருக்கும் எதிரே காரணம் என்று ஒரு பத்தி இருக்கும். அதில் 'உடல்நலமின்மை' என்று ஒரே சொல்லில் எழுதி முடித்துவிடுவது செயலர்களின் வழக்கம். மலையடிவாரத்துச் சங்கம் ஒன்றில் அச்சொல்லின் மேல் இன்னும் ஒரு வினாவைக் கேட்டோம். கறவை மாட்டுக் கடன் பெற்று, மாதந்தவறாமல் செலுத்திவந்த உறுப்பினர் ஒருவர் தை மாதத்தோடு நின்றுவிட்டிருந்தார். அவர் மனைவியார் ஓடையோரத்தில் புல்லறுத்து வருபவர். ஒருநாள் காய்ச்சலில் விழுந்தார். முதலில் மருந்துக்கடை மாத்திரை. பிறகு ஒரு மருத்துவர், ஊசி. பிறகு வேறொரு மருத்துவர், இரத்தச் சோதனை. மலேரியா இல்லை, டெங்கு இல்லை, டைபாய்டு இல்லை என்று வந்தது. பன்னிரண்டு நாட்கள் கழிந்து, மூச்சுத் திணறலோடு மாவட்ட மருத்துவமனைக்குக் கொண்டு சென்றபோது, அங்கிருந்த செவிலியர் ஒருவர் இடுப்பிற் பாவாடை நாடா கட்டும் இடத்துக்குக் கீழே கருகிய வடு ஒன்றைக் கண்டு மருத்துவரிடம் சொன்னார். அதன் பின்னரே உரிய மருந்து தொடங்கிற்று. அம்மையார் பிழைத்துக்கொண்டார். ஆனால் அதற்குள் தாலிக்கொடி அடகுக்குப் போயிற்று. கைமாற்றுக்கு மேல் வட்டிக்கடன் ஏறிற்று. மாடு பாதி விலைக்குப் போயிற்று. சங்கத்தின் ஏட்டிலே எஞ்சியது 'உடல்நலமின்மை' என்னும் ஒரு சொல்.

1904இல் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் பிறந்ததும், அவ்வாண்டிலேயே நம் திரூரில் சங்கம் தோன்றியதும் எதற்காக? குடியானவன் வட்டிக்காரன் வாசலில் நிற்கலாகாது என்பதற்காக. அவனை மீண்டும் அவ்வாசலுக்கு அனுப்புவது எதுவாயினும், அது மழையாயினும், மாட்டு நோயாயினும், கடுகிலும் சிறிய பூச்சியாயினும், கூட்டுறவாளர் கவனத்துக்கு உரியதேயாகும்.

அம்மையாருக்கு வந்த நோய்க்கு மருத்துவர் இட்ட பெயர் ஸ்கிரப் டைபஸ். செய்தித்தாள்கள் இதனை உண்ணிக் காய்ச்சல் என்று எழுதுகின்றன. அப்பெயரால் ஒரு குழப்பம் விளைகிறது. அதனை முதலிற் போக்கிக்கொள்வது நலம். மாட்டின் காதிலும் மடியிலும் நாம் காணும் உண்ணி இந்நோயைப் பரப்புவதில்லை. பரப்புவது புதரிலும் புல்லிலும் வாழும் ஒருவகைச் சிற்றுண்ணியின் குஞ்சு. அது ஒரு மில்லிமீட்டரில் நாலில் ஒரு பங்கு அளவே இருக்கும். வெறுங்கண்ணுக்குத் தென்படுவதில்லை என்றே சொல்லலாம். தேயிலை விளைவிப்போர் நன்கறிந்த செஞ்சிலந்தியும், முதல் மழைக்குப் பின் மண்ணிலிருந்து வெளிவரும் செம்பட்டுப் போன்ற தம்பலப்பூச்சியும் இதற்கு உறவினவே. தம்பலப்பூச்சியைத் தீப்பெட்டியில் வைத்து விளையாடாத பிள்ளை உண்டா! அது யாருக்கும் தீங்கு செய்வதில்லை. ஆனால் இச்சிற்றுண்ணி அத்தன்மையதன்று. குஞ்சுப் பருவத்தில் மட்டுமே இது எலி முதலிய உயிர்களின்மீதும் மனிதர்மீதும் ஏறித் தோலின் சாற்றை உண்ணுகிறது; வளர்ந்தபின் மண்ணிலேயே வாழ்ந்து முடிகிறது. ஓரியன்சியா சுட்சுகாமுசி என்னும் நோய்க்கிருமி தாயின் முட்டை வழியே குஞ்சுக்கும் தொடர்ந்து வருவதால், ஒருமுறை இது குடியேறிய புதர் ஆண்டுக்கணக்கில் நோயிடமாகவே நிற்கிறது.

கடித்த வேளையில் வலி இல்லை. பெரும்பாலும் அரிப்பும் இல்லை. ஆறு நாள் முதல் மூன்று வாரத்திற்குள் காய்ச்சல் வரும். கடுமையான தலைவலியும் உடல்வலியும் உடன் வரும். கடித்த இடத்தில் சிகரெட்டு நெருப்பால் சுட்டதுபோன்ற கரிய பொருக்கு ஒன்று உண்டாவது இந்நோயின் அடையாளம். எல்லாருக்கும் அது தோன்றுவதில்லை. தோன்றினாலும் அக்குள், தொடையிடுக்கு, மார்பின் கீழ், இடுப்புப் பட்டை போன்ற மறைவிடங்களிலேயே பெரும்பாலும் இருக்கும். நோயாளிக்கே தெரியாது. நம் பெண்மக்கள் அவ்விடங்களை மருத்துவரிடம் காட்டக் கூசுவர். மருத்துவரும் கூட்ட நெரிசலில் கேளாது விடுவர். உயிர்கள் போவது இந்தக் கூச்சத்தாலும் நெரிசலாலுந்தான். மருந்து இல்லாமையால் அன்று. 1948இலேயே கோலாலம்பூரில் நடந்த ஆய்வில் இந்நோய்க்கு மருந்து கண்டாயிற்று. இன்று டாக்சிசைக்ளின் என்னும் மலிவான மாத்திரையும், கருவுற்ற பெண்டிருக்கு அசித்ரோமைசினும் வழங்கப்படுகின்றன. உரிய காலத்தில் தொடங்கினால் இரண்டொரு நாளில் காய்ச்சல் தணியக் காணலாம். நோய் முற்றியவர்க்கு இவ்விரு மருந்துகளையும் ஒருங்கே நரம்பின் வழியே செலுத்துவது ஒன்றைமட்டும் செலுத்துவதினும் சிறந்தது என்பதை வேலூர்க் கிறித்துவ மருத்துவக் கல்லூரியின் தலைமையில் இந்திய மருத்துவமனைகள் பலவற்றில் நடந்து 2023இல் வெளியான ஆய்வு காட்டியிருக்கிறது. நம் நாட்டு மருத்துவமனைகளிற் பிறந்த அறிவு நம் ஊர்ப் புல்லறுக்கும் பெண்ணுக்கு எட்டவில்லையாயின் குறை வேறெங்கோ இருக்கிறது.

இந்நோய் மலைக்கு மட்டும் உரியதன்று என்பதையும் சொல்லவேண்டும். மழை ஓய்ந்து பனி விழும் மாதங்களில், ஐப்பசி தொடங்கி மாசி வரையில், சமவெளி ஊர்களிலும் மிகுதியாகக் காணப்படுகிறது. ஆதலின் தறியில் இருப்பவர்க்கு இதில் என்ன என்று நெசவாள உறுப்பினர் எண்ணவேண்டா. விடியற்காலையில் ஊர்ப்புறத்து மரநிழலில் பாவு விரித்துக் கஞ்சியிடுபவரும், விறகுக்கும் ஆட்டுத் தழைக்கும் புதருக்குள் செல்லும் அவர் வீட்டாரும் அந்த மண்ணைத்தான் மிதிக்கின்றனர். வெறும் புல்லின்மேல் படுப்பதையும் உட்காருவதையும் தவிர்த்தல், துவைத்த துணியைப் புதர்மேல் உலர்த்தாமை, வெளிவேலை முடிந்து வந்தவுடன் உடம்பைச் சோப்பிட்டுத் தேய்த்துக் குளித்து உடுத்திருந்த துணியை வெந்நீரில் இடுதல், வீட்டைச் சுற்றிய புதரை வெட்டி எலியை ஒழித்தல் ஆகிய இவை செலவில்லாத காப்புகள். புதர்மேல் துணி உலர்த்துவது நம் ஊர்களில் எத்தனை இயல்பான காட்சி என்பதை நாம் அறிவோம். ஒரு கொடிக்கயிறு வாங்கினால் போதும்.

இனி மெய்யான உண்ணிக்கு வருவோம். 1957இல் மைசூர் இராச்சியத்துச் சிமோகா மாவட்டத்தில், சொரபா வட்டத்தைச் சேர்ந்த கியாசனூர்க் காட்டில் குரங்குகள் செத்து விழுந்தன. அடுத்து அக்காட்டுக்கு விறகுக்கும் மாடு மேய்க்கவும் சென்றவர்கள் காய்ச்சலில் விழுந்தனர். பூனாவிலிருந்த நச்சுயிரி ஆராய்ச்சி நிலையத்தார் வந்து ஆராய்ந்து, புதியதொரு நச்சுயிரியைக் கண்டனர். காட்டுண்ணி ஒன்று அதனைக் குரங்குக்கும் மனிதருக்கும் கடத்துகிறது என்பதும் விளங்கிற்று. கியாசனூர்க் காட்டு நோய் என்றும் குரங்குக் காய்ச்சல் என்றும் வழங்கும் இது, அரை நூற்றாண்டுக்கு மேல் அவ்வட்டாரத்தோடு நின்றது போலிருந்து, 2012இல் பந்திப்பூரிலும், அதனையடுத்த ஆண்டுகளில் கேரளத்து வயநாட்டிலும் தலைகாட்டிற்று. பந்திப்பூரும் வயநாடும் நம் கூடலூருக்கும் முதுமலைக்கும் எவ்வளவு தொலைவு என்பதை நீலகிரி உறுப்பினர்க்குச் சொல்லத் தேவையில்லை. நோயுற்றவருள் நூற்றுக்கு மூவர் முதல் ஐவர் வரை இறக்கின்றனர். தனி மருந்து கிடையாது; தாங்கு சிகிச்சையே உண்டு. கார்த்திகை முதல் வைகாசி வரை இளவுண்ணிகள் மிகுந்திருக்கும் காலமே நோய்க்காலம். அக்காலத்தில் குரங்கு செத்துக்கிடக்கக் கண்டால் அருகிற் செல்லாது சுகாதாரத் துறையினருக்கோ வனத்துறையினருக்கோ அன்றே சொல்லவேண்டும். செத்த குரங்கின் உடலிலிருந்து இறங்கும் உண்ணிகள் அடுத்த உடலைத் தேடிச் சுற்றிலும் காத்திருக்கும்.

நம் அன்றாட வாழ்வில் மிகுதியாக எதிர்ப்படுவது மாட்டுண்ணியும் நாயுண்ணியும். இவை மனிதரைக் கடித்தால் என்செய்வது? ஊர்களில் நடப்பது நமக்குத் தெரியும். மண்ணெண்ணெய் தடவுவர், ஊதுவத்தியால் சுடுவர், விரலால் நசுக்கிப் பிய்ப்பர். மூன்றும் தவறு. சுடப்பட்ட உண்ணியும் நசுக்கப்பட்ட உண்ணியும் தன் வயிற்றிலுள்ளதை நம் குருதியிலேயே கக்கக்கூடும். உண்ணியின் வாயுறுப்பு முள்முள்ளாக உள்ளே பதிந்து, பிசின் போன்ற ஒன்றால் ஒட்டியிருக்கும். கூரிய முனையுள்ள இடுக்கியால், தோலோடு ஒட்டிய இடத்தில், வயிற்றைப் பிடியாமல் தலைப்பகுதியைப் பிடித்து, திருகாமல், வெடுக்கென்று இழுக்காமல், ஒரே சீராக மேல்நோக்கி இழுத்தால் வந்துவிடும். வாயுறுப்பு சிறிது உள்ளே தங்கினால் குடைய வேண்டா. தோலே அதனைத் தள்ளிவிடும். பின்னர்ச் சோப்பும் நீரும் இட்டுக் கழுவவேண்டும். இழுத்த உண்ணியை விரலால் நசுக்காமல் சோப்பு நீரிலோ மண்ணெண்ணெயிலோ போடவேண்டும். மண்ணெண்ணெய்க்கு உரிய இடம் இதுவே. 2011இல் குசராத்தில் கிரிமியா-காங்கோ காய்ச்சல் நம் நாட்டில் முதன்முதல் கண்டறியப்பட்ட நாள்முதல், மாட்டுண்ணியை வெறுங்கையால் நசுக்கலாகாது என்பதைக் கால்நடைத் துறையினர் வற்புறுத்தி வருகின்றனர். பால் கறக்கும் முன் மடியிலிருந்து உண்ணி பறித்து நகத்தால் நசுக்கும் பழக்கம் உடைய உறுப்பினர்கள் இதனைச் செவிக்கொள்ளவேண்டும்.

கடித்த நாளை நாட்காட்டியில் குறித்துவைப்பது மற்றொரு எளிய செயல். மூன்று வாரத்திற்குள் காய்ச்சல் வந்தால், மருத்துவர் கேட்கட்டும் என்று காத்திராமல், நாமே சொல்லவேண்டும்: "அய்யா, இன்ன தேதியில் உண்ணி கடித்தது, நான் புல்லறுக்கிறவள், உடம்பில் எங்கேனும் கரும்பொருக்கு இருக்கிறதா என்று பாருங்கள்." இவ்வொரு வாக்கியம் மேலே சொன்ன அம்மையாருக்குப் பன்னிரண்டு நாட்களை மிச்சப்படுத்தியிருக்கும்.

மாட்டைப் பற்றியும் ஒரு சொல். சங்கக் கடனில் வாங்கப்படுவன பெரும்பாலும் கலப்பின மாடுகள். பால் மிகுதி; ஆனால் உண்ணியைத் தாங்கும் ஆற்றல் நாட்டு மாட்டினும் குறைவு. மாட்டின் சிறுநீர் சிவக்கும் நோயும், கழலை வீங்கிக் காய்ச்சல் எரிக்கும் நோயும் உண்ணியால் வருவன. உண்ணியின் வாழ்நாளிற் பெரும்பகுதி மாட்டின்மேல் அன்று, வெளியே நிலத்திற் கழிகிறது; ஒரு பெண்ணுண்ணி கீழே விழுந்து, கொட்டிற் சுவரின் வெடிப்பில் புகுந்து ஆயிரக்கணக்கில் முட்டையிடுகிறது. ஆதலின் மாட்டுக்கு மருந்து தெளித்துவிட்டுச் சுவரை விட்டுவிடுவது, ஓட்டைக் குடத்தில் நீர் வார்ப்பதாகும். வெடிப்பை அடைத்துச் சுண்ணாம்பு அடித்தல் வேண்டும். கொட்டிலில் நாலு கோழி திரிந்தால் அவையும் உண்ணியைப் பொறுக்கும். நம் பாட்டிமார் இதற்குப் புத்தகம் படிக்கவில்லை. மருந்து தெளிப்பின் கால்நடை மருத்துவர் சொன்ன அளவிலேயே தெளிக்கவேண்டும். எத்தனை வேளைப் பாலை ஒதுக்கவேண்டும் என்பதையும் அவரிடம் கேட்டறியவேண்டும்.

அட்டையை இதுவரை ஒதுக்கிவைத்திருந்தோம். காரணம் உண்டு. மக்கள் மிக அஞ்சுவது அட்டைக்கு. ஆயினும் மூன்றனுள் தீங்கு குறைந்தது அதுவே. வால்பாறையிலும் பந்தலூரிலும் தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் ஒரு வரிசைத் தேயிலையைக் கடப்பதற்குள் காலில் ஐந்தாறு அட்டைகள் ஏறிவிடும். குருதி வழிவதைக் கண்டு புதிதாக வேலைக்கு வந்த பெண்கள் கூடையைப் போட்டுவிட்டு ஓடியதும் உண்டு. ஆனால் நிலத்து அட்டையின் கடியால் மனிதர்க்கு யாதொரு தொற்றுநோயும் பரவுவதாக மருத்துவம் கருதவில்லை. அதன் எச்சிலில் குருதியை உறையவிடாத பொருள் இருக்கிறது. 1884இல் ஹேகிராஃப்ட் என்னும் ஆங்கிலேயர் அதனைக் கண்டுரைத்தார். அதனாலேயே அட்டை விழுந்த பிறகும் குருதி சிலமணி நேரம் கசிகிறது. பார்ப்பதற்கு மிகுதியாகத் தோன்றும், இழப்பு சிறிதே. நம் சித்த மருத்துவர்கள் கெட்ட குருதியை நீக்கக் குளத்து அட்டையை விட்டனர்; இன்றும் விடுகின்றனர்.

மேடையேறும் கூட்டுறவுப் பேச்சாளர்கள் வட்டிக்காரரை அட்டைக்கு ஒப்பிடுவது நெடுநாளைய வழக்கம். அட்டைக்கு அது பெரும் பழி. அட்டை வயிறு நிரம்பியதும் தானே விழுந்துவிடுகிறது. அடுத்த வேளைக்குப் பல மாதங்கள் காத்திருக்கவும் வல்லது. வட்டிக்காரருக்கு அந்தப் பண்பு உண்டென்று எந்தப் பாக்கிப் பட்டியலிலும் நாம் கண்டதில்லை.

ஒட்டிய அட்டையை எடுப்பதிலும் தவறான வழக்கமே மிகுதி. உப்பு, மூக்குப்பொடி, சுண்ணாம்பு, புகையிலைச் சாறு, தீக்குச்சி ஆகியவற்றுள் ஒன்றை மேலே வைப்பர். அட்டை சுருண்டு விழும் என்பது உண்மை. விழுமுன் தன் வயிற்றிலுள்ளதைப் புண்ணிற் கக்கும் என்பதும் உண்மை. புண் சீழ்பிடிப்பது அதனால்தான். மெலிந்த முனையிலே வாய் இருக்கிறது. அதன் பக்கத்தில் விரல் நகத்தைத் தோலோடு ஒட்டி வைத்துப் பக்கவாட்டில் தள்ளினால் வாய் விட்டுப்போகும். உடனே பருத்த பின்முனையையும் அவ்வாறே தள்ளி உதறிவிடலாம். பிய்த்து இழுக்கலாகாது. பிறகு சோப்பிட்டுக் கழுவித் தூய துணியால் கால்மணி நேரம் அழுத்திப் பிடித்துக் கட்டவேண்டும். காப்பித்தூளும் சாம்பலும் அப்ப வேண்டா. பின்வரும் அரிப்பைச் சொறிந்து புண்ணாக்காமல் இருந்தால் சிலநாளில் ஆறிவிடும். தனுர்வாயு ஊசி போட்டு நெடுநாள் ஆகியிருந்தால் போட்டுக்கொள்ளவேண்டும். இதயநோய்க்காகக் குருதி உறையாமைக்குரிய மாத்திரை உண்பவர்க்குக் கசிவு நில்லாதாயின் மருத்துவமனைக்குச் செல்லவேண்டும்.

உப்பையும் புகையிலையையும் முற்றும் பழித்தோம் என்று எண்ணவேண்டா. வேலைக்குப் போகுமுன் காலிற் சோப்பையோ புகையிலை நீரையோ வேப்பெண்ணெயையோ பூசிக்கொள்ளும் தோட்டத்து வழக்கம் அறிவுடையதே. மழையில் விரைவில் கரைந்துவிடுவதுதான் அதன் குறை. ஏறுமுன் தடுக்கப் பயன்படுவதை, ஏறியபின் பயன்படுத்துவதே தீங்கு.

ஓடைநீரைக் குனிந்து வாய்வைத்துக் குடிப்பதில் மட்டும் அட்டையிடம் உண்மையாகவே அஞ்சவேண்டும். நீரட்டையின் குஞ்சு மூக்கினுள் புகுந்து வாரக்கணக்கில் தங்கி வளரும். குழந்தைக்கு ஒரு நாசியில் மட்டும் அடிக்கடி குருதி வருமாயின் இதனை ஐயுறவேண்டும். வீட்டிற் கிளறாமல் மருத்துவரிடம் காட்டவேண்டும். நெருக்கமாக நெய்த துணியால் வடிகட்டிய நீர் இத்தொல்லையைத் தராது.

துணி என்றதும் நாம் சொல்ல வந்த பொருள் எதிர்ப்படுகிறது. அட்டைக்கும் உண்ணிக்கும் சிற்றுண்ணிக்கும் பொதுவான தடை ஒன்று உண்டு. அது முழங்கால்வரை வரும், நெருக்கமாக நெய்த பருத்திக் காலுறை. பின்னிய காலுறையின் கண்களுக்குள் அட்டை நுழைந்துவிடும்; நெய்த துணியில் நுழையாது. இரண்டு துண்டாக வெட்டிப் பாத வடிவில் தைத்து, மேலே நாடாவிட்டு முழங்காலுக்குக் கீழே இறுக்கிக் கட்டி, அதன்மேல் செருப்போ காலணியோ இடவேண்டும். மலையேறும் சுற்றுலாக்காரர் இதனைக் காசு கொடுத்து வாங்கி அணிகின்றனர். ஆண்டு முழுவதும் அதே மலையில் நிற்கும் இலை பறிப்போர் காலில் சாக்கையோ பிளாஸ்டிக் தாளையோ சுற்றிக்கொள்கின்றனர். இதைக் காணும்போது நமக்கு வருத்தம் உண்டாகிறது; கூட்டுறவாளர் என்ற முறையில் சிறிது வெட்கமும் உண்டாகிறது. ஏனெனில் துணி நெய்பவரும் நம்மவர். துணி வேண்டுபவரும் நம்மவர். இருவரும் ஒரே ஏட்டைப் படிக்கின்றனர்.

சாயம் வேண்டா, இளநிறத் துணியில் ஊரும் உண்ணி கண்ணுக்குத் தெரியும் என்பதால் காடாத் துணியே சிறந்தது. எத்தனையாம் எண் நூல், அங்குலத்திற்கு எத்தனை இழை என்பதை நெசவாளரே முடிவு செய்யட்டும். விளக்கின் முன் பிடித்தால் ஊசித்துளையாக ஒளி தெரியலாகாது என்பது மட்டுமே விளைவிப்போர் கேட்கவேண்டிய தரம். ஓர் இணைக்கு ஏறக்குறைய ஒரு மீட்டர் துணி செல்லும். சென்னிமலைப் போர்வையும் பவானி ஜமுக்காளமும் நெய்த கைகளுக்கு இது பெரிய வேலையன்று.

மறுப்புகளையும் நாம் கேட்டிருக்கிறோம். நிர்வாகக் குழுத் தலைவர் ஒருவர், இது சுகாதாரத் துறையின் வேலை, சங்கத்தின் வேலையன்று என்றார். காய்ச்சலுக்கு மருந்து கொடுப்பது சுகாதாரத் துறையின் வேலை என்பதில் ஐயமில்லை. ஆனால் அத்துறையின் செவிலியர் ஊருக்கு எப்போதோ ஒருநாள் வருகிறார்; பால் ஊற்றவும் இலை நிறுக்கவும் உறுப்பினர் நாள்தோறும் நம் நிலையத்திற்கு வருகின்றனர். அங்கே ஓர் இடுக்கியும் ஒரு சோப்பும் ஒரு தாளும் தொங்கவிடுவதற்கு எத்துறையின் இசைவும் தேவையில்லை. நிகர ஆதாயத்தில் பொதுநல நிதிக்கு ஒதுக்கத் துணைவிதியில் இடம் உண்டு. அந்நிதியைச் சில சங்கங்கள் எதற்குச் செலவிடுகின்றன என்பது ஆய்வுக்குச் செல்லும் நமக்குத் தெரியும். நாட்காட்டி அச்சிடுவதைவிட இது நல்ல செலவு. அந்நாட்காட்டியை விடமுடியாதாயின், அதன் பின்பக்கத்திலாவது உண்ணியை எடுக்கும் முறையை அச்சிடலாம்.

நெசவாளர் தரப்பிலிருந்து எழும் மறுப்பு இதனினும் வலிது. காடாத் துணியை விசைத்தறி மலிவாகத் தரும்போது கைத்தறியை யார் நாடுவர் என்கின்றனர். கைத்தறிக்கென ஒதுக்கப்பட்ட வகைகளைக் கூறும் 1985ஆம் ஆண்டுச் சட்டத்தின் காப்பு இத்துணிக்கு இல்லை என்பது மெய்யே. ஆதலின் இதனால் நெசவாளர் வாழ்வு மலர்ந்துவிடும் என்று நாம் சொல்லப்போவதில்லை. பருவத்துக்கு ஒருமுறை சில நூறு மீட்டர் வேலை, அவ்வளவே. ஆனால் விற்பனை மந்தமான ஆனி ஆடி மாதங்களுக்கு முன்னே வரக்கூடிய வேலை. கைப்பணத்தோடு வாங்கும் சங்கம். இடைத்தரகர் இல்லாத வாணிபம். தையலை மகளிர் குழுவினரிடம் விட்டால் அவர்களுக்கும் சில நாட்கூலி. விலை சில ரூபாய் கூடினும், அக்கூடுதல் நம்முள் ஒருவருக்கே செல்கிறது. விலை ஒன்றையே பார்ப்பதாயின், கூட்டுறவு வேண்டியதில்லை, கடைத்தெருவே போதும் என்று சொல்லிவிடலாம்.

காலுறை எல்லா இடர்க்கும் தீர்வன்று என்பதையும் மறைக்கவில்லை. வெயிலிற் புழுங்கும்; வயல் சேற்றில் பயன்படாது; சிற்றுண்ணி இடுப்புக்கும் ஏறவல்லது. பூச்சிவிலக்கிப் பூச்சும், மாலைக் குளியலும், உடம்பைத் தடவிப் பார்த்தலும் அதனோடு சேரவேண்டும்.

நீலகிரியின் கூட்டுறவுத் தேயிலைத் தொழிற்சாலைகளும், மலைவாழ் மக்களின் பெரும்பலநோக்குச் சங்கங்களும், அடிவாரத்துப் பால் சங்கங்களும் சித்திரைத் திங்களில் கூடும் நிர்வாகக் குழுவில் இதனை ஒரு பொருளாக வைக்கலாம். முதல் ஆண்டில் ஐம்பது இணைக்கு மேல் கேட்கவேண்டா. அணிந்தவர் சொல்லும் குறையைக் கேட்டு அடுத்த ஆண்டு திருத்திக்கொள்ளலாம். சங்கத்தின் பெயரில் அருகிலுள்ள நெசவாளர் சங்கத்திற்கு ஒரு கடிதமும், கால் அளவுப் பட்டியலும் அனுப்பினால் போதும். அளவெடுக்கும்போது ஆண்களின் பாதத்தை வைத்துக் கணக்கிட்டுவிடாமல், பெண்களின் பாதத்தை முதலில் அளக்கவேண்டும். இலை பறிப்போரிற் பெரும்பாலார் அவர்களே. பாதத்தின் நீளத்தோடு முழங்காலின் கீழ்ச் சுற்றளவையும் எழுதி அனுப்புக. நாடா தளர்ந்தால் அட்டை மேல்வழியாக வந்துவிடும்.